ஈமன் டஃபி: மெழுகுதிரிக் கணக்கிலிருந்து மக்களின் விசுவாசத்தைப் படிப்பது எப்படி?

வெண்பலகை எழுதியது:

வரலாற்றாசிரியர் ஈமன் டஃபியின் இரண்டு நூல்களை மையமாக வைத்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1992இல் வந்த ‘தி ஸ்ட்ரிப்பிங் ஆஃப் தி ஆல்டர்ஸ்’, 2001இல் வந்த ‘தி வாய்ஸஸ் ஆஃப் மோர்பாத்’. பதினாறாம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ச்சபை) வாழ்க்கை சோர்ந்து கிடக்கவில்லை; படித்தவர், பாமரர், பணக்காரர், ஏழை எல்லோரும் பங்கிட்டுக்கொண்ட உயிருள்ள வழிபாடு அது; அதை மேலிருந்து வந்த அரச ஆணைகள்தான் பிய்த்தெறிந்தன என்பது அவர் வாதம். வாதம் புரிகிறது. அதற்கு அவர் காட்டும் சான்றுகளை எப்படிக் கையாள்வது என்பதில்தான் தடுமாற்றம்.

முதலாவது, கோயில் பொறுப்பாளர்களின் வரவு செலவுக் கணக்கு. மெழுகு இத்தனை ராத்தல், ஆட்டு ரோமம் விற்றது இவ்வளவு என்ற வரிகளிலிருந்து ‘அவர்கள் என்ன நம்பினார்கள்’ என்பதற்கு எப்படிப் போவது? இரண்டாவது, உயில்கள். முகவுரையில் மாதாவையும் புனிதர்களையும் சொன்னவரைக் கத்தோலிக்கர், கிறிஸ்துவின் பாடுகளை மட்டும் சொன்னவரைப் புராட்டஸ்டண்ட் என்று எண்ணிப் பட்டியல் போடுகிறார்கள். அது சரியான முறையா? மூன்றாவது, பழைய வழிபாட்டை மக்கள் அவ்வளவு நேசித்தார்கள் என்றால், அது ஏன் அவ்வளவு சீக்கிரம் கைவிடப்பட்டது?

ஆவணங்களோடு பழகியவர்கள் சொன்னால் நல்லது.

ஏட்டுப்புழு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உயில் பற்றித் தாழ்வாரம் வந்து எழுதுவார்.

மோர்பாத்தை முதலில் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். டெவனில் எக்ஸ்மூர் ஓரம், முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள் கொண்ட ஏழைப் பங்கு. 1520 முதல் 1574இல் சாகும்வரை ஒரே பங்குச் சாமியார், கிறிஸ்டோபர் ட்ரிக்கி. கணக்கை அவரே தன் கையால் எழுதி, ஆண்டுதோறும் பங்கு மக்கள் முன் உரக்கப் படித்தார். இதுதான் அந்த ஏட்டின் அபூர்வம். வேறு பங்குகளின் கணக்கெல்லாம் பெரும்பாலும் தணிக்கைக்காக எழுதப்பட்டவை. இது காதில் விழுவதற்காக எழுதப்பட்டது. அதனால்தான் 1534 நவம்பரில் நடந்த திருட்டு அதில் கதைபோல வருகிறது: திருடன் ஏணி வைத்துக் கோயில்மேல் ஏறுகிறான், ஏணியை மேலே இழுத்துக்கொண்டு கோபுரச் சன்னலை உடைத்து இறங்குகிறான், பூசைப் பாத்திரமும், எக்ஸிட்டர் நகரின் புனிதையான சிட்வெல் சுரூபத்தின் வெள்ளிப் பாதணியும் போய்விடுகின்றன. அடுத்து வரும் வரிகள்தான் உங்களுக்கு வேண்டியவை. ஊரின் இளைஞர்களும் கன்னிப்பெண்களும் தாங்களே சேர்ந்து பணம் திரட்டிப் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். இதை எந்த ஆயரும் கேட்கவில்லை, எந்தச் சட்டமும் விதிக்கவில்லை.

இப்படித்தான் கணக்கைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே, ‘இதை யார் கட்டாயப்படுத்தினார்கள்?’ என்று கேளுங்கள். கோயில் நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது பங்கு மக்களின் சட்டக் கடமை. பூசைப் புத்தகம், பாத்திரம், உடுப்பு ஆகியவற்றிலும் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பட்டியல் உண்டு. இந்த வகைச் செலவு பக்தியை நிரூபிக்காது. ஆனால் புனித சிட்வெல்லுக்கு முன் ஒரு திரி எரிய வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்தப் பக்தியை ட்ரிக்கிதான் ஊருக்குள் கொண்டுவந்தார். காசு கொடுத்து வளர்த்தது மக்கள். கட்டாயச் செலவு, விருப்பச் செலவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினாலே கணக்கின் முகம் மாறிவிடும்.

பணம் வந்த வழியையும் விடாதீர்கள். மோர்பாத்தில் மாதா, புனித ஜார்ஜ், புனித சிட்வெல், இளைஞர், கன்னிப்பெண்கள் என்று தனித்தனி நிதிகள். ‘ஸ்டோர்’ என்பார்கள். சிலவற்றுக்குச் சொந்தமாக ஆடுகள் இருந்தன. அந்த ஆடுகளை வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று மக்கள் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். கணக்கு முடிக்கும் நாளில் ரோமம் எவ்வளவு, குட்டி எத்தனை, செத்தது எத்தனை என்று சபையில் சொல்லியாக வேண்டும். மாதாவின் ஆடு வீட்டுத் தொழுவத்தில் நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமையையும் மற்ற ஆறு நாட்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. டஃபி காட்டும் ‘அன்றாட மதம்’ இதுதான். மனதுக்குள் இருந்த கொள்கையைத் தேடி அவர் போகவில்லை. யார் எதைச் சுமந்தார், எதற்குப் பொறுப்பேற்றார் என்று பார்க்கிறார்.

இனி வாசிப்பில் வழுக்கும் இடங்கள்.

தேதி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு தொடங்குவது மார்ச் 25. சுரூபங்கள் அனைத்தையும் அகற்றச் சொல்லி அரச மன்றம் ஆணையிட்டது நம் கணக்கில் 1548 பிப்ரவரி 21. அவர்கள் கணக்கில் அது இன்னும் 1547. ஏட்டில் ‘1547’ என்று இருக்கும் ஒரு செலவைப் பார்த்து, ஆணை வருமுன்பே தாமாக இறக்கிவிட்டார்கள், தீவிரப் புராட்டஸ்டண்டுகள் போல என்று எழுதினால் கட்டுரையே கவிழ்ந்துவிடும். ஆட்சியாண்டு குறித்திருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள்: ஆறாம் எட்வர்டின் இரண்டாம் ஆண்டு 1548 ஜனவரி 28இல் தொடங்கி 1549 ஜனவரி 27இல் முடிகிறது. இதற்கு மேல் ஒவ்வொரு பங்கின் கணக்காண்டும் வேறு வேறு நாளில் முடியும்.

அளவு. எல், ஐ என்ற இரண்டெழுத்துச் சுருக்கம் பவுண்டுப் பணத்துக்கும் வரும், ராத்தல் எடைக்கும் வரும். மெழுகு வாங்கிய வரியில் அது எடை. ‘ஓப்’ என்றால் அரைப் பென்னி, ‘டி’ என்றால் பாதி. ரோம எண்ணில் கடைசி ஐ எழுத்து ஜே போல வால் நீட்டியிருக்கும். நாலு என்ற எண்ணுக்கு மேலே சிறிதாக இரண்டு எக்ஸ் இருந்தால் நாலு இருபது, அதாவது எண்பது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 13 ஷில்லிங் 4 பென்னி ஒரு மார்க். கூலியாளுக்கு அப்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 பென்னி. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு காணிக்கையின் கனமும் தெரியும்.

மெழுகு. எரிந்து மிஞ்சிய பழைய மெழுகைத் திரி செய்பவரிடம் திருப்பிக் கொடுத்துப் புதியது வாங்குவார்கள். ஏட்டில் சில இடங்களில் நிகரத் தொகை மட்டும் இருக்கும். ‘இந்த ஆண்டு மெழுகுச் செலவு பாதியானது, பக்தி குறைந்தது’ என்று எழுதுவதற்கு முன், பழைய மெழுகு எவ்வளவு கழிக்கப்பட்டது என்று பாருங்கள். 1544 முதல் 1551 வரை நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனதால் விலைவாசி கடுமையாக ஏறியது. அந்த ஆண்டுகளின் தொகையை 1530களோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது.

ஒன்று ஏட்டில் இல்லை என்பதற்கும் காரணம் பல இருக்கலாம். பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது பங்கு வருமானத்துக்கு உரியவரின் பொறுப்பு. அந்தச் செலவு பொறுப்பாளர் கணக்கில் வராது. தனியார் கொடுத்த உடுப்பும் திரியும் பணமாகக் கைமாறாவிட்டால் பதிவாகாது.

தாழ்வாரம் எழுதியது:

உயிலுக்கு வருகிறேன். முகவுரையை மட்டும் எண்ணுவது சரியான முறை அல்ல. அந்த முறை ஏ. ஜி. டிக்கன்ஸ் போன்றவர்களின் ஆய்வில் வலுப்பெற்றது, அப்போது அது நல்ல முயற்சிதான். பிறகு மார்கரெட் ஸ்பஃபோர்டு கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமங்களின் உயில்களை வைத்து, அந்த வாசகம் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தவருடையது என்று காட்டினார். சாகக் கிடப்பவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுபவர் சாமியாரோ, கோயில் எழுத்தரோ, எழுதத் தெரிந்த அண்டை வீட்டாரோ. ‘என் ஆன்மாவை எல்லாம் வல்ல இறைவனுக்கும்’ என்று தொடங்கும் வரி அவர் கைப்பழக்கம்.

எனவே செய்ய வேண்டியது: ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, இருபது முப்பது ஆண்டு உயில்களைத் தேதி வாரியாக அடுக்கி, முதலில் எழுதியவர் யார் என்று பிரியுங்கள். இதற்கு அசல் தாள் வேண்டும். நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பது நகல். அங்கே எல்லா உயிலும் ஒரே குமாஸ்தாவின் கையெழுத்தில்தான் இருக்கும். கான்டர்பரி பேராயர் நீதிமன்றத்தின் உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ப்ராப் 11’ வரிசையில் இருக்கின்றன. அவை பதிவேட்டு நகல்கள், அதோடு வசதி படைத்தவர்களுடையவை. கிராமத்துச் சாதாரண ஆட்களைத் தேடினால் அந்தந்த மறைமாவட்ட, ஆர்ச்டீக்கன் (ஆயருக்கு அடுத்த நிலை அதிகாரி) நீதிமன்றங்களின் உயில்களுக்குப் போங்கள். நார்விச் பகுதிக்கு நார்ஃபோக் ஆவணக் காப்பகம், யார்க்குக்கு போர்த்விக் நிறுவனம். அசல் கிடைக்காத இடத்தில் சாட்சிகளின் பெயரைப் பாருங்கள். ஒரே சாமியார் பெயர் பத்து உயிலிலும் முதல் சாட்சியாக வந்து, பத்திலும் ஒரே முகவுரை இருந்தால், உங்களிடம் இருப்பது பத்துப் பேரின் விசுவாசம் அல்ல, ஒருவருடையது.

முகவுரையைத் தள்ளிவிட்டுக் கொடைகளைப் படியுங்கள். அங்கேதான் கைக்காசு பேசுகிறது. செலுத்த மறந்த தசமபாகத்துக்காகப் பெரிய பீடத்துக்கு 12 அல்லது 20 பென்னி, தலைமைக் கோயிலுக்கு 4 பென்னி, பிடித்த சுரூபத்தின் திரிக்கு 4 பென்னி. இவை ஏறக்குறைய வழக்கமான வரிகள். முப்பது பூசை கொண்ட ‘ட்ரென்டல்’ வைக்க 10 ஷில்லிங். அதாவது கூலியாளின் முப்பது நாள் சம்பளம். உத்தரிக்கிற ஸ்தலத்தை, அதாவது இறந்தவரின் ஆன்மா மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் இடத்தை, நம்பாதவர் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்து அதற்குக் கொடுக்க மாட்டார்.

கொடைகளும் முழுப் படம் அல்ல. கிளைவ் பர்ஜஸ் பிரிஸ்டல் பங்குகளை வைத்து இதை நன்றாக நிறுவினார். உயில் காட்டுவது சாவு வேளையில் மிச்சமிருந்த ஏற்பாட்டை மட்டும்தான். உயிரோடிருக்கும்போதே கொடுத்து முடித்தது அதில் வராது. ‘மீதியை என் ஆன்மாவின் நன்மைக்குச் செலவிடட்டும்’ என்று மனைவியிடம் விட்டுச் சென்றிருந்தால், அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் பெரிய நிலையான பூசை ஏற்பாடே இருக்கலாம். அதைப் பங்கின் சொத்துப் பத்திரத்திலும் பொறுப்பாளர் கணக்கிலும்தான் பார்க்க முடியும். கணவனுள்ள பெண்கள் அவன் சம்மதமின்றி உயில் எழுத இயலாது, பரம ஏழைகள் எழுதவே இல்லை. இதையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. 1547க்குப் பிறகு மாதாவும் புனிதர்களும் முகவுரையிலிருந்து மறைவதை மனமாற்றம் என்று எடுத்துக்கொள்ள டஃபி மறுக்கிறார், அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உயில் செல்லுபடியாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றம் அரசின் கையில். பூசைக்கென எழுதிவைக்கும் நிலத்தையும் பணத்தையும் அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் 1547இல் வந்துவிட்டது. தன் சொத்து பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர் எதை எழுதாமல் விடுவார் என்பது தெளிவு.

கிழக்கு வாசல் எழுதியது:

மேலே இருவரும் சொன்னது பயனுள்ளது. ஆனாலும் டஃபியின் முறைக்கு ஒரு எல்லை உண்டு. கட்டுரையில் அது இடம்பெறாவிட்டால் பாதிதான் எழுதியதாகும்.

பொறுப்பாளர் கணக்கு இணக்கத்தைப் பதிவு செய்யும் வகை ஆவணம். காசு கொடுத்தவர் பெயர் இருக்கும். கொடுக்க முணுமுணுத்தவர், பூசைக்கு வந்து வெளியே நின்றவர், திரி எதற்கு என்று கேட்டவர், இவர்களுக்கு அதில் பத்தி கிடையாது. லொல்லார்டுகளை (விக்ளிஃபின் வழிவந்த, சீர்திருத்தத்துக்கு முந்தைய மாற்றுக் கருத்தாளர்களை) டஃபி மிகக் குறைவாகத் தொட்டார் என்ற குறை 1992லிருந்தே உண்டு; 2005 பதிப்பின் முன்னுரையில் அதற்குப் பதில் சொன்னார். அவர்கள் நாடெங்கும் சிறு தொகையினர் என்பது உண்மைதான். ஆனால் பக்கிங்ஹாம்ஷயரின் அமர்ஷம் போன்ற ஊரில் நிலைமை வேறு. 1521 விசாரணைகளைப் படித்தால் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களைத் தேட வேண்டிய இடம் ஆயர் நீதிமன்றப் பதிவு.

ஒற்றுமையும் அப்படியே. அதே மோர்பாத்தில் 1530களில் கோயில் எழுத்தருக்கு யார் எவ்வளவு தானியம் தருவது என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. டஃபி அதை மறைக்கவில்லை, விரிவாகவே எழுதுகிறார். ஆனால் அவர் எடுத்துக்கொள்ளும் தொனி, சண்டை தீர்ந்து ஊர் கூடுவதை நோக்கியே போகிறது. கணக்கை எழுதியவர் சாமியார் என்பதை மறக்க வேண்டாம். ஊர் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவரின் குரல் அது.

மூன்றாவது கேள்விக்கு ஈதன் ஷேகன் 2003இல் எழுதியதைப் பக்கத்தில் வையுங்கள். மக்கள் ஆணையை எதிர்த்தார்கள் அல்லது பணிந்தார்கள் என்ற இரண்டு கட்டத்துக்கு வெளியே அவர் ஒன்றைக் காட்டுகிறார்: பலர் அதில் பங்கெடுத்தார்கள். 1539இல் ஹெய்ல்ஸ் மடம் கலைக்கப்பட்டபோது கல்லையும் ஈயத்தையும் இரும்பையும் சுமந்து போனவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் எல்லோரும் புராட்டஸ்டண்டுகள் அல்ல. ஆனால் ஒருமுறை சுமந்து போனபின், பழையது திரும்பி வருவதில் அவர்களுக்கே சங்கடம்.

வெண்பலகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். புதிய ஆங்கில ஜெபப் புத்தகத்தை எதிர்த்து டெவனிலும் கார்ன்வாலிலும் எழுந்த 1549 கலகத்துக்கு மோர்பாத் ஐந்து ஆட்களை அனுப்பியது என்பதை டஃபி ஒரு கணக்கு வரியிலிருந்துதான் சொல்கிறார். பணிந்தார்களா, எதிர்த்தார்களா என்பதற்கு அது நேரடிச் சான்றாகுமா? அடுத்து, கணக்கும் உயிலும் போக, தனி மனிதரின் ஜெபத்தைத் தொட வேறு வழி இருக்கிறதா?

ஏட்டுப்புழு எழுதியது:

ஐந்து இளைஞர்களுக்கு வாளும் வில்லும் வழிச்செலவும் கொடுத்த பதிவு அது. அவர்கள் போன இடம் புனித டேவிட் மேடு என்று டஃபி கையெழுத்துப்படியிலிருந்து வாசிக்கிறார். அது எக்ஸிட்டர் நகருக்கு வெளியே, கலகக்காரர்கள் முற்றுகையிட்டுத் தங்கிய இடம். முற்றுகை ஜூலை தொடக்கம் முதல் ஆகஸ்ட் 6 வரை. மோர்பாத் கணக்கை 1904இல் பின்னி என்பவர் அச்சிட்ட பதிப்பை மட்டும் நம்பினால் இந்த வாதம் கைக்குக் கிடைக்காது. அந்த ஊரின் பெரிய அரசியல் செயல் ஒரு இடப்பெயரை எப்படிப் படிப்பது என்பதில் தொங்குகிறது. ஆகவே ‘கலகத்தில் சேர்ந்தார்கள்’ என்று எழுதாமல், ‘டஃபியின் வாசிப்பில் இது கலக முகாம்’ என்று எழுதி, காரணத்தையும் கொடுங்கள். அதற்குத் துணையான சூழல் வலுவாகவே இருக்கிறது: திருவிழாக் குடிவிருந்து நின்றுபோய், கோயில் ஆடுகளும் விற்கப்பட்டு, எல்லா நிதியும் வற்றி, பங்கு கடனில் நின்ற நேரம் அது.

‘ஏன் இவ்வளவு சீக்கிரம்’ என்பதற்கு ரொனால்ட் ஹட்டன் நாடெங்கும் எஞ்சியிருக்கும் சுமார் இருநூறு பங்குகளின் கணக்குகளை ஒப்பிட்டதைப் பாருங்கள். புராட்டஸ்டண்ட் அரசர் எட்வர்ட் காலத்தில் பீடத்தை இடித்ததும் வேகமாகத்தான் நடந்தது, 1553இல் கத்தோலிக்க அரசி மேரி வந்ததும் திரும்பக் கட்டியதும் வேகமாகத்தான் நடந்தது. வேகம் மட்டும் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. நான் பார்க்கச் சொல்வது, இடைவெளியில் பொருள்கள் எங்கே இருந்தன என்பதை. மோர்பாத்தில் 1553க்குப் பிறகு, வீடுகளில் ஒளித்து வைத்திருந்த பூசைப் பொருள்களையும் சுரூபத் துண்டுகளையும் இன்னார் இன்னது கொண்டுவந்தார் என்று ட்ரிக்கி பெயர் பெயராக எழுதுகிறார். பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தே வைத்திருந்த பொருள் அது. அதே ட்ரிக்கி இருபது ஆண்டு பணம் சேர்த்து, இறந்தவர்களுக்கான கறுப்புப் பூசை உடுப்பு ஒன்றை வாங்குகிறார். அது வந்து சேர்ந்தது 1547இல், அந்தப் பூசையே ஒழியப்போகும் நேரத்தில். பிறகு எலிசபெத் காலத்திலும் அதே பங்கில் புதிய ஜெபப் புத்தகத்தை வைத்து வழிபாடு நடத்தினார். இவரைப் பணிந்தவர் என்றோ எதிர்த்தவர் என்றோ ஒரே சொல்லில் அடக்காமல் டஃபி எழுதியிருப்பதுதான் அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

தாழ்வாரம் எழுதியது:

தனி ஜெபத்துக்கு வழி இருக்கிறது: பொதுநிலையினர் வைத்திருந்த மணிநேர ஜெபப் புத்தகங்கள், அதாவது நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் ஜெபங்களின் தொகுப்புகள். டஃபி 2006இல் இவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அச்சு வந்தபின் இவை மலிவாகி, கடைக்காரர் வீட்டிலும் புழங்கின. பிறந்த நாள், இறந்த நாள், கடன், கைமருந்து, தானே எழுதிய ஜெபம் எல்லாம் ஓரங்களில் இருக்கும். தாமஸ் மோர் லண்டன் கோபுரச் சிறையில் தன் புத்தகத்தின் பக்க ஓரங்களில் ஆங்கிலத்தில் எழுதிய ஜெபம், இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பைனிகி நூலகத்தில் இருக்கிறது.

இவற்றில் பார்க்க வேண்டிய இடம் நாட்காட்டிப் பக்கம். 1535க்குப் பிறகு பாப்பு (போப்பாண்டவர்) என்ற சொல்லையும், 1538க்குப் பிறகு புனிதர் தாமஸ் பெக்கெட்டின் பெயரையும் அழிக்க ஆணை. அவர் திருநாளான டிசம்பர் 29ஐத் திறந்து பாருங்கள். சிலர் கத்தியால் தோலோடு சுரண்டியிருப்பார்கள். சிலர் மெல்லிய கோடு ஒன்றை இழுத்துவிட்டிருப்பார்கள், கீழே பெயர் அப்படியே படிக்கக் கிடைக்கும். ஆனால் அழித்தது யார் கை, எந்த ஆண்டு என்பது தெரியாது. புத்தகம் நாலைந்து பேர் கைமாறியிருக்கும். மையின் நிறம், உடைமையாளர் பெயர்கள், அவர்கள் எழுத்தின் காலம் இவற்றை ஒப்பிட்டு ஒரு பெயரோடு பொருத்த முடிந்தால் மட்டும் சான்றாகப் பயன்படுத்துங்கள்.

கீத் தாமஸ் 1971இல் மந்திர வகையில் சேர்த்த பல வழக்கங்களையும் இந்த ஜெபங்களோடு வைத்துப் படியுங்கள். இடி மின்னலின்போதும் சாவுப் படுக்கையிலும் பிப்ரவரி 2இல் கோயிலில் மந்திரித்த (ஆசீர்வதித்த) மெழுகுதிரியை ஏற்றுவது போன்றவை. அந்தத் திரியை மந்திரிக்கும் கோயில் ஜெபமே பிசாசுகளை ஓட்டும் வல்லமையை அதற்குக் கேட்கிறது. ஜெபத்தின் லத்தீன் பாடத்தை சாரும் முறைப் (சால்ஸ்பரி மறைமாவட்டத்திலிருந்து பரவிய வழிபாட்டு முறை) பூசைப் புத்தகத்தில் எடுத்து, வீட்டு வழக்கத்துக்கு எதிரே வரி வரியாக வைத்தால், ‘படித்தவர் மதம், பாமரர் மதம்’ என்று இரண்டாகப் பிரிப்பதை டஃபி ஏன் ஏற்கவில்லை என்பதற்கு உங்கள் கட்டுரையில் சொந்தச் சான்று கிடைத்துவிடும்.